மகளுக்கு சீரியல், மகனுக்கு மேட்ச்: எதற்குப் பயப்படுவது?

கேள்வி: எங்களுக்குத் திருச்செங்கோடு பக்கம். கணவருக்கு போர்வெல் ரிக் வண்டியில் வேலை, வருடத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான் இருப்பார். வீட்டில் நான், மாமியார், பிளஸ் ஒன் படிக்கும் மகன், ஒன்பதாவது படிக்கும் மகள். ஹாலில் ஒரே டிவி. பையன் மேட்ச் பார்ப்பான், மல்யுத்தம் பார்ப்பான், இல்லாவிட்டால் போனும் கையுமாக அவன் ரூமில் இருப்பான். அவனைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மகள்தான் சாயங்காலம் ஆனால் அப்பத்தாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே வரிசையாக சீரியல் பார்க்கிறாள். ராத்திரி என் போனை வாங்கி கொரியன் தொடர். போன வாரம் அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புரியாத எழுத்தில் ஏழு வரி எழுதி, சுற்றிலும் ஹார்ட் போட்டிருந்தாள். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். யாருக்காவது எழுதிய ரகசியக் கடிதமோ என்று தூக்கமே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் டிவி விஷயத்தில் இப்படி ஆளுக்கொரு திசையில் போவது இயல்புதானா? கேபிளை கட் பண்ணு என்கிறார் கணவர். பெண் பிள்ளை கெட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

பதில்:

முதலில் அந்த ஏழு வரிக்கு வருகிறேன், நீங்கள் தூங்க வேண்டும். உங்கள் பெயர், ஊர் எதுவும் சொல்லாமல் என் அண்ணன் மகளிடம் அந்த போட்டோவைக் காட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிடிஎஸ் என்று ஒரு கொரிய இசைக்குழு இருக்கிறது, 2013இல் தொடங்கியது, அதில் ஏழு பையன்கள். ஏழு பேரின் பெயரையும் ஒருவரை விடாமல், பிழையில்லாமல் கொரிய எழுத்தில் எழுதியிருக்கிறாளாம். அவ்வளவுதான். நம் காலத்தில் ஸ்கேல் பெட்டிக்குள் நடிகர் படத்தை ஒட்டி வைத்தோமே, அதேதான். என்ன, இவள் அதற்காக ஒரு புது எழுத்தையே உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

இங்கே உங்கள் கடிதத்தைச் சுருக்கித் தந்திருக்கிறேன். முழுசாக அது மூன்று பக்கம். மகளுக்கு இரண்டரைப் பக்கம், மகனுக்கு நான்கு வரி. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இயல்புதானா என்று கேட்டீர்கள். சரி, கொஞ்சம் பின்னால் போய் யோசித்துப் பாருங்கள். இரண்டும் குட்டியாக இருந்தபோது என்ன பார்த்தார்கள்? அநேகமாக ஒன்றாக உட்கார்ந்து சுட்டி டிவியில் டோராவையும் புஜ்ஜியையும் பார்த்திருப்பார்கள். வழி தெரியாமல் அந்தப் பெண் கேள்வி கேட்க, இரண்டும் சேர்ந்து டிவியைப் பார்த்துக் கத்தியிருப்பார்கள். டோரா பெண்ணாயிற்றே என்று உங்கள் மகன் அன்றைக்கு எழுந்து போகவில்லை. பத்து, பன்னிரண்டு வயதில்தான் பாதை பிரிகிறது, அது பிரிவதில் வீட்டை விடப் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு அதிகம். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் நேற்றைய மேட்சைப் பற்றிப் பேச ஒரு வரியாவது இல்லாத பையன் அன்றைக்குத் தனி ஆள். பெண்கள் பக்கம் வேறு பேச்சு ஓடும். அதனால் பிள்ளைகள் டிவியில் பார்ப்பது பாதி தங்களுக்காக என்றால் மீதிப் பாதி நாளைக் காலைப் பேச்சுக்காக.

இதில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. பெண் பிள்ளை கிரிக்கெட் பார்த்தால் "பரவாயில்லையே, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள்" என்று மெச்சுவோம். பையன் சீரியல் பார்த்தால்? அவனுக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் தயாராகிவிடும். பெண்கள் பையன்களின் நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள், பையன்கள் பெண்களின் நிகழ்ச்சியைப் பார்க்க மாட்டார்கள் என்பது டிவிக்காரர்கள் ரொம்ப காலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு, அந்தக் கணக்கை நம்பியே கார்ட்டூனில் கதாநாயகனை ஆணாக வைப்பார்கள். பையன்களுக்கு உண்மையிலேயே பிடிக்காதா, பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் முடியாதா? பள்ளிகளில் பதின்வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை, பல வருடமாகச் செய்கிறேன். தனியாகப் பேசும்போது எத்தனை பையன்கள் பாட்டி பார்க்கும் சீரியலின் கதையை மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா! ஹாலைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது பார்த்ததாம். அவ்வளவு தண்ணீர் எந்தப் பையனும் குடிப்பதில்லை. உங்கள் மகனிடமும் சும்மா ஒருநாள், "அந்த மருமகளுக்கு உண்மை தெரிந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவன் பார்க்கும் மல்யுத்தத்துக்கு வருவோம். நேரம் கிடைத்தால் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். கூடவே இருந்த நண்பன் முதுகில் குத்துகிறான், அண்ணன் தம்பி பகையாகிறார்கள், செத்துப்போனவனாக நினைத்த ஆள் இருட்டில் பாட்டுச் சத்தத்தோடு திரும்பி வருகிறான், முக்கியமான இடத்தில் அடுத்த வாரம் என்று நிறுத்துகிறார்கள். இது சீரியல் இல்லாமல் வேறு என்ன? முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பதை இதை நடத்தும் டபிள்யூடபிள்யூஇ நிறுவனமே 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட் முன்பு ஒப்புக்கொண்டது. நிஜமான போட்டி என்றால் அரசின் விளையாட்டு ஆணையத்துக்குக் கட்டுப்பட வேண்டும், வரி கட்ட வேண்டும், அதனால் இது வெறும் பொழுதுபோக்குதான் என்று சொல்லித் தப்பித்தார்கள். ஆக உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சீரியல்தான் பார்க்கிறார்கள். ஒன்றில் பட்டுப்புடவை, இன்னொன்றில் ஜட்டி. ஐபிஎல்லும் ஒருவகையில் அப்படித்தான், ராத்திரி 7.30க்கு ஆரம்பித்து இரண்டு மாதம் தினமும் ஓடுகிற, நல்லவன் கெட்டவன் எல்லாம் வைத்த நெடுந்தொடர். எனக்கு அதில் ஒன்றும் ஆட்சேபம் இல்லை, ஏப்ரல் மே மாதங்களில் நானும் அதன் முன்னால்தான் இருப்பேன்.

சீரியல் "பெண்கள் சமாச்சாரம்" ஆனதற்குப் பின்னாலும் வியாபாரம்தான் இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் சோப்பு, சலவைத்தூள் கம்பெனிகள் பகலில் வீட்டில் இருக்கும் பெண்களைப் பிடிக்க ரேடியோவில் தொடர் நாடகங்களுக்குப் பணம் கொடுத்தன. அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு சோப் ஓபரா என்று பெயர். இன்றைக்கும் டிஆர்பி எடுக்க சில வீடுகளில் பெட்டி வைக்கிறார்களே, அதன் ரிமோட்டில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். உட்காரும்போது தன் பட்டனை அழுத்த வேண்டும். எந்த வயதுப் பெண், எந்த வயதுப் பையன் எப்போது பார்க்கிறார் என்று தெரிந்தால்தானே முகக் க்ரீமை எங்கே போடுவது, பைக்கை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியும்? உங்கள் பிள்ளைகளின் ரசனை தானாக வளர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். அதற்கு உரம் போட ஆள் இருக்கிறார்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல், "கீரை ஆய்ந்துகொண்டே."

உங்கள் ஹாலை நான் பார்த்ததில்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிறது. மகள் தரையில் கால் நீட்டி, மடியில் முறம், கை பாட்டுக்கு முருங்கை இலையை உருவிக்கொண்டிருக்க, கண் பாதி டிவியில். நடுவில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய் அணைப்பது அவள்தான். மேட்ச் நேரத்தில் அதே ஹாலில் மகன் சோபாவில், காலை டீப்பாய் மேல் போட்டு, ரிமோட் தொடைக்குக் கீழே. தட்டு அவன் கைக்கு வந்துசேரும். தட்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

டேவிட் மோர்லி என்ற ஆய்வாளர் 1980களில் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களின் வீட்டுக்குப் போய் அவர்கள் எப்படி டிவி பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். ஆண்கள் பேச்சு மூச்சில்லாமல் முழுக் கவனத்தோடு பார்க்கிறார்கள், ரிமோட் அவர்கள் நாற்காலிக் கையிலேயே இருக்கிறது. பெண்கள் துணி தேய்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு, பாதி காதால் பார்க்கிறார்கள். நிம்மதியாக உட்கார்ந்து பார்த்தால் ஏதோ குற்றம் செய்வதுபோல அவர்களுக்கு இருக்கிறது. லண்டனில் இருந்தால் என்ன, திருச்செங்கோட்டில் இருந்தால் என்ன! ஆணுக்கு வீடு ஓய்வெடுக்கிற இடம், பெண்ணுக்கு அதுவே வேலை செய்கிற இடம் என்று அவர் காரணம் சொன்னார். நம் நாட்டில் 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் அதையே எண்ணாகச் சொல்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம். அதிலும் அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களே நாலில் ஒருவர்தான். ஆறு வயதிலிருந்து எடுத்த கணக்கு அது.

இப்போது சீரியலை நினைத்துப் பாருங்கள். ஒரு அதிர்ச்சி வந்தால் மூன்று தடவை டமடம என்று இசை, ஒவ்வொரு முகமாகக் காட்டி, சொன்னதையே திரும்பச் சொல்லி... அடுப்படியில் நின்றாலும் கதை காதில் விழுந்துவிடும். பாதிக் கவனத்தோடு பார்ப்பவர்களுக்காகவே வைத்த அமைப்பு அது. மேட்ச் அப்படி இல்லை, கண்ணெடுத்தால் விக்கெட் போய்விடும். கை காலியாக இருக்கிறவனுக்கு அது சரிப்படும். ஆகவே உங்கள் மகள் சீரியலைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லுமுன், அந்த நேரத்தில் அவளுக்கு வேறு என்ன பார்க்க வாய்த்தது என்றும் கேளுங்கள். ரிமோட் அப்பத்தாவிடம். மடியில் கீரை. அண்ணன் வந்தால் சேனல் மாறும். அவள் தன் இஷ்டப்படி பார்ப்பது ராத்திரி உங்கள் போனில் பார்க்கும் அந்தக் கொரியத் தொடர் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறீர்கள்.

எனக்கே ஒரு பழைய காட்சி ஞாபகம் வருகிறது. தூர்தர்ஷன் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஆரம்பித்தால் பையன்கள் எல்லாம் உள்ளே தரையில் முதல் வரிசை, நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே. யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் யாரும் சொன்னதில்லை.

இப்போது மகன் போன். அவனுக்குச் சொந்த போன் இருக்கிறது, தங்கை உங்கள் போனைக் கடன் வாங்குகிறாள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2023ஆம் ஆண்டு ஏசர் கல்வி அறிக்கை கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருப்பவர்கள் பையன்களில் சுமார் 44 சதவீதம், பெண்களில் 20 சதவீதம்தான். விளைவு என்ன? மகள் பார்ப்பது முழுக்க ஹாலில், உங்கள் கண் முன்னால், அல்லது உங்கள் போனில். மகன் பார்ப்பது கதவுக்கு அந்தப் பக்கம். தெரிந்ததைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், தெரியாததற்கு நான்கு வரி. பதினாறு வயதுப் பையன் போனில் மேட்ச் மட்டும்தான் பார்ப்பான் என்று நம்புவது கொஞ்சம் வெள்ளந்தித்தனம். ஆபாசப் படம், ராத்திரி இரண்டு மணி வரை கேம் ஸ்ட்ரீம், கிரிக்கெட்டை வைத்துப் பணம் கட்டும் ஆட்டம், என் மேஜைக்கு வரும் பையன்களின் பிரச்சினைகள் இவைதான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது, இருந்தாலும் அவன் நண்பர்களுக்குள் பந்தயம் ஓடுகிறதா என்று காதைத் தீட்டி வையுங்கள்.

அதற்காக மகள் பார்ப்பதில் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு கவலை உண்டு. ஒன்று உடம்பு. ஃபிஜி தீவில் நாட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற மருத்துவர் டிவி வந்த சமயத்திலும், மூன்று வருடம் கழித்தும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். உடல் பருமனுக்குப் பயந்து தாறுமாறாகச் சாப்பிடும் போக்கு 12.7 சதவீதத்திலிருந்து 29.2க்கு ஏறியிருந்தது. ஒல்லியாவதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பெண்கள் முதலில் ஒருவர்கூட இல்லை, பிறகு 11.3 சதவீதம். நன்றாகச் சாப்பிட்டுப் பூசினாற்போல இருப்பதுதான் அழகு என்று நினைத்த ஊர் அது! கொரியத் தொடர்களில் கண்ணாடி மாதிரித் தோல், குச்சி மாதிரி இடுப்பு. அதனால் உங்கள் மகள் சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போகிறாளா, வெள்ளையாக்கும் க்ரீம் தேடுகிறாளா என்று கவனியுங்கள். பையனுக்கும் இது உண்டு, நாம்தான் பார்ப்பதில்லை. மல்யுத்த வீரர்களின் மார்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, யாரோ சொன்ன புரோட்டீன் பவுடரை அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிக் கரைத்துக் குடித்த பையன்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, காதல் என்றால் என்ன என்று கதைகள் சொல்லிக்கொடுப்பது. சீரியலில் அடி வாங்கிப் பொறுத்துக்கொள்பவள் நல்லவள். கொரியத் தொடரில் பணக்காரப் பையன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அது பிரியம். இதைத் திட்டிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, "ஏம்மா, உன்னை ஒருத்தன் இப்படி இழுத்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் பேசுவாள்.

கேபிள் பெண்களைக் கெடுத்துவிட்டது என்று உங்கள் கணவர் நினைத்தால் அவருக்கு இதையும் சொல்லலாம். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை பீகார், கோவா, ஹரியானா, தில்லியோடு நம் தமிழ்நாட்டுக் கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். கேபிள் புதிதாக வந்த ஊர்களில் கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் குழந்தைதான் வேண்டும் என்பதும் குறைந்தது, சொந்த முடிவு எடுப்பது கூடியது. அப்போது அந்தப் பெட்டியில் ஓடியது பெரும்பாலும் இதே அழுகை சீரியல்கள்தான். கதாநாயகி எவ்வளவு அழுதாலும், அவள் வேலைக்குப் போகிறாள், வாசலைத் தாண்டுகிறாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசுகிறாள் என்பதைப் பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அப்பத்தாவும் பேத்தியும் தினமும் இரண்டு மணி நேரம் ஒரே பாயில் உட்கார்ந்து மாமியார்களைத் திட்டுவதையும் லேசாக எடுக்காதீர்கள். அந்த வயதில் எத்தனை பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் அப்படி ஒரு துணை இருக்கிறது?

அதனால் கேபிளை கட் பண்ண வேண்டாம். பண்ணினால் பையன் போனுக்குப் போய்விடுவான், நஷ்டம் மகளுக்கும் மாமியாருக்கும்தான்.

செய்யச் சொல்வது இவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு உங்களுடையது உட்பட எல்லா போனும் ஹாலில் சார்ஜருக்கு வந்துவிட வேண்டும். தங்கைக்கு ஒரு சட்டம், அண்ணனுக்கு ஒரு சட்டம் என்றால் இது ஒரு வாரம்கூட நிற்காது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ரிமோட் மகள் கையில், அவள் என்ன வைத்தாலும் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், கொரியத் தொடரை டிவியில் போட்டாலும் சரி. கூடவே உட்காருங்கள், கொரியர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்பத்தாவுக்கு அதுவே ஆச்சரியமாக இருக்கும். இந்த மொழியில் ஆர்வம் இப்படியே நீடித்தால் அதை முறையாகவே படிக்கலாம், சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் சொல்லித் தருகிறார்கள். ஶ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகள் இருக்கின்றன, மொழி தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு. மகனோடு பெண்கள் கிரிக்கெட்டும் பாருங்கள், மகளையும் கூப்பிடுங்கள். 2025 நவம்பரில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியபோது, ஆட்ட நுணுக்கம் பேசிப் பேசி வாயடைத்துப்போன அண்ணன்மார்கள் எத்தனையோ வீட்டில் உண்டு.

சாப்பாடு, தூக்கம், மார்க் மூன்றும் சேர்ந்து சரிந்தாலோ, இரண்டு பேரில் யாராவது வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் ஒடுங்கினாலோ, அப்போது டிவியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும்.

கேபிள்காரருக்கு இந்த மாதப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மேட்ச் நாளில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி, முறத்தோடு மகன் மடியில் வையுங்கள். முதல் நாள் காம்போடு சேர்த்துத்தான் உருவுவான், அன்றைக்குப் பொரியல் கொஞ்சம் நாராகத்தான் இருக்கும்.